வேதக்காரர்கள் சொல்லும் ‘கிருபை’ – புளியந்தீவிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நம்முடைய பெரியவர்கள் கிறிஸ்தவர்களை ‘வேதக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். குர்ஆன் அவர்களை அஹ்லுல் கிதாப், அதாவது வேதத்தையுடையோர் என்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சொல். ஆனால் அந்த வேதத்தில் அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று கேட்டால், பக்கத்து ஊரிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. வகுப்பில் பிள்ளைகள் கேட்கும்போதுதான் அது நமக்கு உறைக்கிறது.

கண்டி அரசன் செனரத் 1626இல் சுமார் 4,000 முஸ்லிம்களை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது நாம் அறிந்த வரலாறு. போர்த்துக்கேயர் விரட்டியதால் வந்தவர்கள் அவர்கள். இரண்டே ஆண்டுகளில், 1628இல், அதே போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் அந்தக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. பிறகு ஆங்கிலேயர். ஆட்சி மாறும்போது கொடி மட்டும் மாறவில்லை. மனிதன் பாவத்திலிருந்து எப்படி மீள்கிறான் என்ற கேள்விக்கான பதிலும் மாறியது.

முதலில் பாவம். ஆதம் (அலை) அவர்கள் தவறு செய்தார்கள், தௌபா செய்தார்கள், அல்லாஹ் மன்னித்தான், விஷயம் அங்கே முடிந்தது என்பது நம் நம்பிக்கை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை. கிறிஸ்தவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. ஆதாமின் வீழ்ச்சி மனித இயல்பையே பழுதாக்கியது, ஆகவே மனிதன் தன் முயற்சியால் மட்டும் எழ முடியாது, தகுதி பாராமல் இறைவன் தரும் கிருபைதான் அவனைத் தூக்குகிறது என்பார்கள். அந்தக் கிருபை இயேசுவின் சிலுவை மரணத்தின் வழியாக வந்தது என்பதே அவர்கள் நம்பிக்கையின் மையம். நாம் பிரியும் இடமும் அதுதான். அதை மறைக்கத் தேவையில்லை.

இதற்குள்ளேயே அவர்களிடம் பெரிய விவாதம் உண்டு. போர்த்துக்கேயர் கொண்டுவந்த கத்தோலிக்கத்தில் கிருபை திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் வழியாக வருகிறது. மனிதன் அதோடு ஒத்துழைக்கவும் வேண்டும். ஒல்லாந்தரோ கல்வினின் வழி வந்தவர்கள். யார் மீட்கப்படுவார் என்பதை இறைவன் முன்பே தெரிவு செய்துவிட்டான் என்பது அவர்கள் கொள்கை. அதை மறுத்த ஆர்மீனியஸின் சீடர்களை 1618–19இல் டோர்ட் நகரச் சபை கண்டித்து ஒதுக்கியது. அதற்கு இருபது வருடத்துக்குள் ஒல்லாந்தர் புளியந்தீவில் இருந்தார்கள்.

இப்போது வில்லியம் ஓல்ட் பாதிரியாரைப் பாருங்கள். புளியந்தீவு வாவிக்கரையில் சிலையாக நிற்பவர். 1813 கடைசியில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மெதடிஸ்த குழுவில் ஒருவர். வழியில் கடலிலேயே மனைவி இறந்தார். குழுத் தலைவர் தோமஸ் கோக்கும் 1814 மே மாதம் கடலிலேயே இறந்தார். காலியில் இறங்கிய ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்து, தமிழ் படித்து, பாடசாலை தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அது. 1815 ஏப்ரல் 1இல் இறந்துபோனார். ஒரு வருடம்கூட இங்கே இருக்கவில்லை!

அவர் கொண்டுவந்த போதனை ஜோன் வெஸ்லியுடையது. கிருபை எல்லோருக்கும் உண்டு, மனிதன் தேடுவதற்கு முன்பே அது அவனைத் தேடி வருகிறது, ஏற்பதும் மறுப்பதும் அவன் கையில் என்பது அதன் சாரம். அதாவது டோர்ட் சபை ஒதுக்கிய ஆர்மீனியஸின் பக்கம். ஒல்லாந்தர் கோட்டை நின்ற அதே தீவில் அது பாடமானது. கத்ரிய்யா, ஜபரிய்யா விவாதத்தை மதரஸாவில் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இறைவனின் நாட்டத்துக்கும் மனிதனின் தெரிவுக்கும் இடையே வழி தேடியதில் நம் இமாம்களும் குறைவாகச் சிரமப்படவில்லை.

அடுத்து வேதம். “ஈஸா நபிக்கு இறங்கிய இன்ஜீலைத்தானே சேர் அவங்க ஓதுறாங்க?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கிறிஸ்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. நான்கு சுவிசேஷங்களும் இயேசுவைப் பற்றி மனிதர்கள் இறை ஏவுதலால் எழுதியவை என்பார்கள். அவர்களுக்கு இறைவார்த்தை என்பது முதலில் ஒரு நூல் அல்ல, இயேசுவேதான். நமக்குக் குர்ஆன் எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்தில் அவர்களுக்குப் பைபிள் இல்லை, இயேசு இருக்கிறார். இதை விளங்கிக்கொண்டால் வீண் தர்க்கம் பாதி குறையும். நூல்களின் எண்ணிக்கையிலும் அவர்களுக்குள் வேறுபாடு உண்டு: கத்தோலிக்கருக்கு 73, புரட்டஸ்தாந்தருக்கு 66.

மொழிபெயர்ப்பையும் அவர்கள் வேதமாகவே வாசிப்பார்கள். அதனால் தமிழுக்கு நிறைய வேலை நடந்தது. மெதடிஸ்த பாதிரியார் பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் பைபிளைத் தமிழாக்கியபோது உதவியவர் யார் தெரியுமா? சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர்!

‘கிருபை’ என்ற சொல்லும் அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. “அல்லாஹ்ட கிருபையால நல்லா இருக்கம்” என்று நம் உம்மாமார் தினமும் சொல்கிறார்கள். எவரும் தன் அமலால் மட்டும் சுவர்க்கம் போக முடியாது, அல்லாஹ்வின் ரஹ்மத் வேண்டும், தனக்கும் அப்படித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹான ஹதீஸ் உண்டு. பாதை வேறு என்றாலும், தன் தொழுகையை நம்பிப் பெருமையடிக்கக் கூடாது என்பதில் இரு பக்கமும் ஒரே எச்சரிக்கைதான்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து முப்பது பேரளவில் இறந்தார்கள். அவர்களில் பலர் சிறு பிள்ளைகள். செய்தவன் நம் சமூகத்துக்குள்ளிருந்து போனவன். அவன் கொன்ற மனிதர்கள் அன்று காலை எதைக் கொண்டாட வந்திருந்தார்கள் என்றுகூட நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. சிலுவையில் இறந்தவர் மூன்றாம் நாள் எழுந்தார், அதனால் பாவத்துக்கு மன்னிப்பு உண்டு என்பதைத்தான்.

அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் சொன்னார். அதே கர்தினால் பின்னால் இருந்தவர்கள் யார் என்று விசாரிக்கச் சொல்லி விடாமல் கேட்டும் வந்தார். இதில் முரண்பாடு இருப்பதாக நம்மில் சிலர் எழுதினார்கள். கிருபை என்பது தகுதியில்லாதவனுக்கும் கிடைக்கும் மன்னிப்பு என்று நம்புகிறவர்கள் அவர்கள். அந்த மன்னிப்பு உண்மையை மூடிவிடும் என்று அவர்களுடைய எந்தச் சபையும் போதிக்கவில்லை.