வீட்டுக்கு விலை சொன்னால் பதில் எப்போது வரும்? ஒரு சின்ன வரலாறு

"வீட்ல கலந்து பேசிட்டு சொல்றேங்க..."

பாப்பிரெட்டிப்பட்டியாக இருந்தாலும் சரி, சென்னையாக இருந்தாலும் சரி, வீடு விற்பவரிடம் ஒரு விலையைச் சொன்னதும் வரும் முதல் பதில் பெரும்பாலும் இதுதான். பெங்களூரில் இருக்கும் மகனைக் கேட்க வேண்டும், பங்காளிகளைக் கேட்க வேண்டும், ஆடி போய் ஆவணி வரட்டும் என்று நாட்கள் ஓடும். புரோக்கர் மட்டும் "நாளைக்கு முடிச்சிடலாம்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பார். வாங்க வந்தவரோ நகையை அடகு வைத்து பணத்தைத் தயார் செய்திருப்பார். வட்டி காத்திருக்காதே!

சரி, விற்பவர் இத்தனை நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் எங்காவது சொல்கிறதா? இல்லை என்பதுதான் பதில். ஆனால் இந்த "இல்லை"க்குப் பின்னால் சுமார் 150 வருட வரலாறு இருக்கிறது.

பி.காம் மாணவர்கள் வணிகச் சட்டத்தில் படிக்கும் முனைவு, ஏற்பு இரண்டும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வருபவை. அதன் 6வது பிரிவுப்படி, முனைவிலேயே ஒரு கெடு இருந்தால், அந்தக் கெடு முடிந்ததும் முனைவு காலாவதியாகும். கெடு இல்லாவிட்டால் "நியாயமான காலம்" கழிந்ததும் காலாவதியாகும். நியாயமான காலம் என்றால் எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் 1866இல் ராம்ஸ்கேட் விக்டோரியா ஹோட்டல் வழக்கு இதைக் கொஞ்சம் தெளிவாக்கியது. ஒருவர் ஜூன் மாதம் பங்குகளுக்கு விண்ணப்பித்தார். கம்பெனி நவம்பரில்தான் பங்கு ஒதுக்கியது. இவ்வளவு தாமதமாக வந்த ஏற்பு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். பங்கு விலை வேகமாக மாறும், அதனால் அங்கே ஐந்து மாதம் அதிகம். வீட்டுக்கு எத்தனை மாதம்? அது அந்தந்த வழக்கைப் பொறுத்தது.

அப்படியானால் "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவரே எழுதிக் கொடுத்துவிடலாமா? 1862இல் ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கில் ஒரு குதிரைக்காக இதைத்தான் செய்து பார்த்தார்கள். செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்கு வேண்டுமானால் பொருந்தும், கிரயப் பேச்சுக்குப் பொருந்தாது.

விற்பவரே கெடு கொடுத்தால்? 1874 ஜூன் 10ஆம் தேதி இங்கிலாந்தில் டாட்ஸ் என்பவர் தன் சொத்தை 800 பவுண்டுக்குத் தருவதாக டிக்கின்சனுக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை 9 மணி வரை அவகாசம். ஆனால் வியாழக்கிழமையே வேறொருவருக்கு விற்றுவிட்டார்! டிக்கின்சன் வழக்குப் போட்டும் பலனில்லை. அந்த அவகாசத்துக்காக அவர் எந்தப் பிரதிபலனும் கொடுக்கவில்லை, அதனால் அது டாட்ஸைக் கட்டுப்படுத்தாது என்று 1876இல் தீர்ப்பானது.

நம் பக்கத்து குடகிலும் ஒரு வழக்கு நடந்தது. மடிக்கேரியில் ஒரு பங்களா. உரிமையாளர் மெக்ஃபெர்சன் ஊரில் இல்லை, ஏஜெண்ட் மூலமாகத்தான் பேச்சு. 6,000 ரூபாய்க்குக் கேட்ட அப்பண்ணா, நியாயமாக இருந்தால் கூடுதலாகவும் தரத் தயார் என்றார். உரிமையாளரிடமிருந்து வந்த தந்தியில் பத்தாயிரத்துக்குக் குறைந்து ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று மட்டும் இருந்தது. சரி, பத்தாயிரமே தருகிறேன் என்றார் அப்பண்ணா. வீடு தனக்குத்தான் என்று நினைத்து நீதிமன்றம் போனார். 1951இல் உச்சநீதிமன்றம் ஒப்பந்தமே ஏற்படவில்லை என்றது. அந்தத் தந்தி ஏற்பும் அல்ல, எதிர் முனைவும் அல்ல. விலை பேச விற்பவர் விடுத்த அழைப்பு மட்டுமே. ஆக, பதில் வந்தாலும் அது ஏற்பாக இருந்தால்தான் உண்டு.

அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுவிட்டால் நிம்மதியா? மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். விலை 60,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000, கெடு ஆறு மாதம். இங்கே சும்மா இருந்தவர் வாங்குபவர். இரண்டரை வருடம் கழித்து 1981இல்தான் நோட்டீஸ் அனுப்பினார். இடையில் வீட்டு விலை பல மடங்கு ஏறிவிட்டது. கே.எஸ். வித்யானந்தம் எதிர் வைரவன் என்ற அந்த வழக்கில், இப்படித் தாமதித்தவருக்கு வீட்டை எழுதிக் கொடுக்கச் சொல்ல முடியாது என்று 1997இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட மூன்று வருடக் காலவரம்பு இருக்கிறதே என்று கடைசி வரை இழுத்தடிக்க முடியாது என்பதுதான் இதன் பாடம்.

பிறகு சட்டமும் கொஞ்சம் மாறியது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வது முன்பு போல நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல. ஆனால் தான் எப்போதும் பணத்தோடு தயாராக இருந்ததை வாங்குபவர் காட்ட வேண்டும். இவை எல்லாம் ஒப்பந்தம் எழுதிய பிறகு கிடைக்கும் பாதுகாப்பு. வெறும் பேச்சாக இருக்கும்வரை விற்பவர் பதிலே சொல்லாமல் இருக்கலாம், அடுத்தவருக்கும் விற்கலாம்.

அதனால் வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்றுதான். விலையைச் சொல்லும்போதே ஒரு தேதியையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் அவருடைய முனைவு முடிந்தது. நகையை மீட்டுக்கொண்டு வேறு வீடு பார்க்கலாம். விற்பவரைக் கட்டிப்போட வழியில்லை, ஆனால் தன்னை விடுவித்துக்கொள்ள வழி 1872லிருந்தே இருக்கிறது.

அடுத்த முறை யாராவது "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றேங்க" என்றால், மறக்காமல் கேளுங்கள்: "எந்தத் தேதிக்குள்ளங்க?"