உச்சி வெயிலில் முகம் தெரிய வேண்டும்: மன்னாரில் படம் எடுப்பவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன் மன்னார் நகரில் நடந்த கவனயீர்ப்புப் போராட்டம் ஒன்றில் நான் எடுத்த படம் ஓர் இணையத்தளத்தில் வெளியானது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் லமினேற் செய்த படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கும் ஒரு தாய். நல்ல படம் என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த தடவை சந்தித்தபோது அந்த அம்மா பேத்தியின் போனில் அதைத் திறந்து காட்டினார்.

“எல்லாம் வடிவாத்தான் இருக்கு பிள்ளை. என்ர மகன்ர முகம் எங்க?”

முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தகடுதான் தெரிந்தது. பகல் 12 மணி வெயில் பிளாஸ்ரிக்கில் பட்டுத் தெறித்து, அவர் சுமந்து வந்த முகத்தை அழித்திருந்தது. நான் அவருடைய கண்ணீரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே வந்தது மகனைக் காட்டுவதற்காக.

ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் வெளிப்புற ஒளி பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்டது ஏறத்தாழ ஒரே விதிதான்: காலையிலும் மாலையிலும் எடுங்கள், நண்பகலைத் தவிருங்கள். சுற்றுலாப் படம் எடுப்பவருக்கு அது சரி. ஆனால் போராட்டம் பத்து மணிக்குத் தொடங்கி உச்சி வெயிலில் முடிகிறது. மகஜர் கையளிப்பு, காணி பார்க்க வரும் அதிகாரிகள், நீதிமன்ற வாசல், எல்லாமே பகல் வேலைகள். நண்பகலைத் தவிர்க்க முடியாதவர்களுக்காக, கமராவோ கைத்தொலைபேசியோ வைத்திருக்கும் எவருக்காகவும், களத்தில் பட்டு அறிந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் சூரியன். மன்னார் நகரம் ஏறத்தாழ வடக்கு அகலக்கோடு 9 பாகையில் இருக்கிறது. அதனால் ஆண்டில் இரண்டு முறை சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். ஒன்று சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாளை ஒட்டி. மற்றது ஆகஸ்ட் மாதக் கடைசியில், 30ஆம் திகதியை ஒட்டி. வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு ஆண்டும் இதை அறிவிக்கும். நேரம் பகல் 12.11 அளவில் இருக்கும். ஆகஸ்ட் 30 வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச தினம். ஐக்கிய நாடுகள் சபை 2010இல் பிரகடனம் செய்து 2011 முதல் அனுசரிக்கப்படுகிறது. வடக்கு கிழக்கில் உறவினர்கள் படங்களோடு வீதிக்கு வரும் நாளும் அதுதான். ஆக, எங்களுக்கு மிக முக்கியமான படங்களை எடுக்க வேண்டிய நாளில், நிழல் காலடிக்குள் ஒடுங்கிப்போகும் அளவுக்குச் சூரியன் செங்குத்தாக நிற்கிறது. இது தற்செயல். ஆனால் முன்கூட்டித் தெரிந்திருந்தால் ஆயத்தமாகப் போகலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூரியூப் பாடங்களில் “பொன்னொளி நேரம்” ஒரு மணித்தியாலம் என்பார்கள். அது ஐரோப்பாவின் கணக்கு. எங்கள் அகலக்கோட்டில் சூரியன் ஏறத்தாழ நேராகக் கீழே விழுகிறது. மென்மையான மஞ்சள் ஒளி கிடைப்பது 25 நிமிடம் அளவில். மறைந்த பிறகு படம் எடுக்கத்தக்க அந்திவெளிச்சம் இன்னும் 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம். லண்டனில் ஜூன் மாதத்தில் அந்த அந்தியே 40 நிமிடத்தைத் தாண்டும். தலைமன்னார் இறங்குதுறையிலோ அரிப்பில் கடலரித்து இடிந்து நிற்கும் டோரிக் மாளிகையிலோ மாலையில் படம் எடுக்கப் போகிறவர்கள் ஆறு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தால் போதாது. ஐந்துக்கே இடம் பார்த்து நின்றுவிட வேண்டும். வங்காலைப் பக்கத்துப் பூநாரைகளுக்கும், பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கும், நகரத்துக் கழுதைகளுக்கும் இதே கணக்குத்தான். அவை நாளைக்கும் அங்கே இருக்கும் என்பதால் அவற்றைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

உச்சி வெயில் முகத்துக்கு என்ன செய்கிறது? நெற்றியும் மூக்கு நுனியும் மினுங்கும். கண்குழிகள் கறுத்து இரண்டு ஓட்டைகள் போலாகும். மூக்கின் நிழல் உதட்டில் மீசையாக விழும். இதன் மேல் மன்னாரின் வெள்ளை மணல் இன்னொரு சிக்கலைத் தருகிறது. கமரா தான் காணும் காட்சி முழுவதையும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதித்தான் வெளிச்சத்தை அளக்கும். மணலும் வானமும் சட்டத்தை நிறைத்தால், “வெளிச்சம் கூடிப்போச்சு” என்று அது தானாகவே குறைத்துவிடும். மணல் சாம்பலாகும், எங்கள் கறுத்த முகங்கள் கரியாகும். போராட்டப் படங்களில் பதாகையின் எழுத்துகள் தெளிவாகவும் பிடித்திருப்பவரின் முகம் இருட்டாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

இயந்திரங்கள் எங்கள் தோலை மறந்த கதை பழையது. கொடாக் நிறுவனம் நிறப்படங்களைச் சரிபார்க்க 1950கள் முதல் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அட்டைக்கே ‘ஷேர்லி’ என்று பெயர். பல நிறத்தவர் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. ஊர் ஸ்ரூடியோக்களில் முகத்துக்குப் பவுடர் அப்பிவிட்டுப் படம் எடுத்ததற்கு எங்கள் வெள்ளைத்தோல் மோகம் மட்டுமே காரணம் என்று நான் நினைப்பதில்லை.

தீர்வு எளிது. போனில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள். அருகே வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். கமராவில் வெளிச்ச ஈடுசெய்யும் அளவை ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டுங்கள். கையால் அமைப்பவர்களுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் செக்கனில் 1/100, துளை எஃப் 16. வெண்மணலில் அது எஃப் 22 வரை போகும். ஆனால் அது வெயில் பட்ட பொருளுக்கான கணக்கு. உச்சி வெயிலில் முகம் தன் நிழலுக்குள்ளேயே இருப்பதால் எஃப் 11, சில வேளை எஃப் 8 வரை திறக்க வேண்டும். மணல் வெளிறிப்போகும். போகட்டும்.

இதைவிட நல்லது ஆளை நகர்த்துவது. பேட்டி எடுப்பதென்றால் வீட்டு விறாந்தையின் விளிம்பில், நிழலுக்குள் ஒரு மீற்றர் தள்ளி, வெளியே பார்க்க இருத்துங்கள். வெளியே வெயில் விழும் முற்றத்து மணல் கீழிருந்து ஒளியை அனுப்பும், கண்குழி நிரம்பும். காசு கொடுத்து வாங்கும் ஒளித்தெறிப்பான் செய்யும் வேலையை முற்றம் சும்மா செய்துவிடும். வேம்பின் கீழே புள்ளிப் புள்ளியாக வெயில் முகத்தில் விழும், கவனம். பனை நிழலை நண்பகலில் நம்ப வேண்டாம்; அது அடிமரத்தைச் சுற்றித்தான் கிடக்கும். மீன்வாடிகளின் கிடுகுக் கூரை மிக நல்லது, நிறத்தைப் பெரிதாகக் கெடுக்காது. தறப்பாள் அப்படியில்லை. நீலத் தறப்பாளின் கீழ் இருப்பவர்கள் எல்லோரும் நோயாளிகள் போல நீலம் பூத்துத் தெரிவார்கள். முகாம் காலத்துப் படங்கள் பலவற்றில் அந்த நீலத்தைப் பார்க்கலாம். எங்களில் பலருக்கு அது நினைவின் நிறமாகவே ஆகிவிட்டது. தறப்பாளின் நடுவில் எடுக்காமல், வெளி ஒளி முகத்தில் முதலில் படும் ஓரத்துக்கு வரச் சொல்லுங்கள். நிறக் குடைகளுக்கும் இது பொருந்தும். சிவப்புக் குடை முகத்தைச் சிவப்பாக்கும். கறுப்புக் குடை பாதுகாப்பானது. வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு பேர் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தால் வெயில் வடிகட்டப்பட்டு மென்மையாக இறங்கும். அதே வேட்டியை இடுப்பளவில் பிடித்தால் ஒளித்தெறிப்பான்.

பிளாஷ் பற்றிக் கேட்பார்கள். பெரும்பாலான கமராக்களில் பிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச வேகம் 1/200 அல்லது 1/250. அந்த வேகத்தில் நண்பகலில் துளை எஃப் 11 அளவில் நிற்கும். சிறிய பிளாஷ் இரண்டு மீற்றருக்குள் இருந்தால்தான் சூரியனோடு போட்டியிட முடியும். தாங்கியில் குடை கட்டி வைத்தால் சோளகக் காற்று கொண்டுபோய்விடும். 30 காற்றாலைகளை இந்தத் தீவில் நட்டதே அந்தக் காற்றுக்காகத்தான். என் குடை ஒன்று பேசாலைக் கடற்கரையில் முறிந்தது. அதற்குப் பிறகு பிளாஷை யாராவது கையில் பிடிக்கிறார்கள். ஆனால் கூட்டத்துக்குள் நான் பிளாஷ் அடிப்பதை விட்டுவிட்டேன். திடீர் வெளிச்சத்துக்குத் திடுக்கிடுபவர்கள் எங்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள். போராட்டக்காரர்களைப் புலனாய்வாளர்கள் படம் எடுக்கும் ஊரில், யார் எதற்காக எடுக்கிறார் என்பது தெரியாத வெளிச்சம் யாருக்கும் பிடிப்பதில்லை. முதலில் பெயரைச் சொல்லுங்கள். பிறகு கமராவை எடுங்கள்.

இனி லமினேற் செய்த படம். மினுங்கும் தளம் எதுவும் ஒரு கண்ணாடிதான். மேற்புறம் பின்னால் சாய்ந்திருந்தால் அது வானத்தைக் காட்டும். நெஞ்சில் அணைத்துப் பிடிக்கும்போது பெரும்பாலும் இப்படித்தான் சாயும்; என் படத்தில் நடந்ததும் இதுதான். படத்தின் மேல் விளிம்பை மெல்ல முன்னால், உங்கள் பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். பத்துப் பாகை சாய்த்தால் பிரதிபலிப்பு இருபது பாகை நகரும். அநேகமாக அதுவே போதும். நேர் எதிரே நிற்கும்போது அந்தக் கண்ணாடியில் தெரிவது நீங்களும் உங்கள் பின்னால் இருப்பவையும்தான். ஆகவே வெள்ளைச் சேர்ட்டோடு போகாதீர்கள். கருநீலமோ கறுப்போ அணிந்து போனால் உங்கள் உடலே பிரதிபலிப்பை மறைக்கும் திரை. வெளிறிய மதில் உங்கள் பின்னால் இருந்தால் ஓரடி பக்கமாக நகருங்கள். போலரைசர் கண்ணாடி உதவும், ஆனால் நேர் எதிரே நின்றால் அல்ல. பக்கவாட்டிலிருந்து சரிவாகப் பார்க்கும்போதுதான் பிளாஸ்ரிக்கின் மினுக்கத்தை அது வெட்டும். ஒன்றரை, இரண்டு படி வெளிச்சத்தையும் அது விழுங்கும்.

தாயின் முகமும் மகனின் படமும் ஒரே தூரத்தில் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. துளையை அகலத் திறந்து பின்புலத்தைக் கரைக்கும் ஆசையில் ஒரு முகத்தை மங்கலாக்கிவிடுவோம். எஃப் 8இல் எடுங்கள். எடுத்தவுடன் திரையில் பெருப்பித்து, முதலில் அந்தச் சிறிய முகத்தைப் பாருங்கள்.

மேலிருந்து விழும் ஒளி முகங்களைத்தான் கெடுக்கிறது என்றில்லை. நிலத்தின் மேடு பள்ளத்தையும் தட்டையாக்குகிறது. 2013 டிசெம்பரில் திருக்கேதீஸ்வரத்தில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோதும், 2018இல் மன்னார் சதொச வளாகத்திலும் மனித எச்சங்கள் வெளிவந்தன. சதொச வளாகத்தில் மட்டும் 300க்கும் அதிகமானவை. இப்படியான இடங்களில் மண்ணின் நிறமும் எலும்பின் நிறமும் நெருங்கியிருக்கும். தடயவியல் ஒளிப்படத்தில் விளக்கைத் தாழ்வாக, பக்கத்திலிருந்து காட்டுவது அதனால்தான். சிறு நிழல் விழுந்தால்தான் விளிம்பு தெரியும். அளவுகோலும் வடக்குத் திசைக் குறியும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். செய்தியாளர்களாகிய எங்களுக்கு அந்த அனுமதி கிடைப்பதில்லை. வேலிக்கு வெளியே நிற்பவர்கள் காலை ஏழு எட்டு மணிக்கு, வெயில் சரிந்து விழும்போது எடுத்த படங்களே பிறகு ஏதாவது சொல்கின்றன.

எடுத்த படத்தை அனுப்பும்போதும் கவனம் வேண்டும். போனின் கமரா அமைப்பில் இடப்பதிவு இயங்கினால், ஒருவரின் வீட்டு முற்றத்தின் ஜிபிஎஸ் புள்ளி படத்தோடு சேர்ந்து போகும். சாட்சி சொல்பவரின் வீட்டுக்குள் நுழைய முன் அதை நிறுத்திவிடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும். ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும், இடப்பதிவும் உள்ளே இருந்தால் அதோடு சேர்ந்துதான்.

கடைசியாக, பலருக்கு மிகவும் பயன்படக்கூடிய வேலை ஒன்று. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய காலத்திலிருந்து வெயிலில் நிற்கும் படங்கள் பல இன்று வெளிறிவிட்டன. வெயில் மையைத் தின்னும். சில குடும்பங்களிடம் இருப்பது அந்த ஒரே படம், அதுவும் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது. தயவுசெய்து முகம் முழுதாகப் போகுமுன் பிரதி எடுத்து வையுங்கள். ஸ்கானர் தேவையில்லை. வெயில் நேரே விழாத வாசலருகே படத்தைத் தரையில் தட்டையாக வையுங்கள். ஒளி ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். போனைப் படத்துக்குச் சமாந்தரமாக, நேர் மேலே பிடியுங்கள். உங்களுக்கும் கூரைக்கும் இடையில் யாராவது கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்தால் மினுக்கம் நின்றுவிடும். பிளாஷ் வேண்டாம். லமினேற்றை உரிக்கவே வேண்டாம், மை அதோடு வந்துவிடும். நாலைந்து தடவை எடுத்து, குறைந்தது இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் இருப்பது நல்லது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அல்பங்களைத் தொலைத்த சனம் நாங்கள்.

அந்த அம்மாவின் வீட்டு விறாந்தையில் பின்னேரம் நாலரைக்கு இப்படித்தான் எடுத்தோம். கறுப்புத் துணிக்கு அவருடைய பழைய சேலை. பெருப்பித்துத் தாருங்கள் என்று கேட்டுவிட்டு, நான் படலையடிக்கு வந்த பிறகு திரும்பக் கூப்பிட்டார்.

“பிள்ளை, கடையில சொல்லுங்கோ, மாலை ஒண்டும் போட வேண்டாமெண்டு.”

கடையில் உண்மையாகவே கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எட்டுக்குப் பத்து அங்குலம், மினுங்காத தாளில், லமினேற் செய்யாமல் இரண்டு பிரதிகள்.