குருதிக் கொழுப்பும் பெருங்குடல் புற்றுநோயும்: அம்பாறைக் கரையோரம்

குருதியில் ஓடும் கொழுப்புகளுக்கும் பெருங்குடல், நேர்குடல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகிறது. தொடர்பு உண்டு. ஆனால் மாரடைப்பில் காணப்படுவதுபோல் அது நேரடியானதன்று. இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனப் பொத்துவில் வரை நீளும் முஸ்லிம் ஊர்களுக்கு இந்த விடயம் மிக நெருக்கமானது. சீனி வருத்தமும் கொலஸ்திரோலும் இங்கு வீட்டுக்கு வீடு பேசப்படுகின்றன. குடல் புற்றுநோயைப் பற்றிப் பேசத்தான் கூச்சம்.

2022 இல் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; 9 இலட்சம் பேர் இறந்தனர். உயிரிழப்பில் நுரையீரல் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்கு. இலங்கையிலும் ஆண், பெண் இருபாலாரிடத்தும் முன்வரிசையில் நிற்கும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று.

அறிக்கையில் எந்த வரி

சுபஹு தொழுகை முடித்து, வெறும் வயிற்றோடு ஆய்வுகூடத்துக்குப் போய்க் குருதி கொடுத்தவரின் கையில் மாலையில் ஒரு தாள் கிடைக்கும். அதில் மொத்தக் கொலஸ்திரோல், ட்ரைகிளிசரைட், எச்.டி.எல். எனும் நல்ல கொலஸ்திரோல், எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்திரோல் என்று சில வரிகள். பலரும் முதல் வரியைப் பார்த்து மகிழ்வர் அல்லது அஞ்சுவர். குடலைப் பொறுத்தவரை ட்ரைகிளிசரைட், எச்.டி.எல். வரிகளே கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை. ஒரு டெசிலீற்றருக்கு ட்ரைகிளிசரைட் 150 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அதிகம். எச்.டி.எல். ஆணுக்கு 40 இற்கும் பெண்ணுக்கு 50 இற்கும் கீழிருந்தால் குறைவு. இரண்டும் சேர்ந்து வருவது தெற்காசியர் உடலில் அடிக்கடி காணும் அமைப்பு. இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் அடையாளம் அது. அப்போது உடல் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் குடற்சுவரின் கலங்களைப் பெருகத் தூண்டக்கூடியது.

இன்னொரு வழி பித்தம். ஈரல் கொலஸ்திரோலைக் கொண்டே பித்த அமிலங்களை உண்டாக்குகிறது. சிறுகுடலில் மீள உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடையும் சிறு பங்கை அங்குள்ள பக்ரீரியாக்கள் டிஒக்சிகோலிக் அமிலம் போன்றவையாக மாற்றுகின்றன. அவை குடற்சுவரை அரித்து, கலங்களின் மரபணுப் பொருளையும் சேதப்படுத்தக்கூடியவை. கொழுப்பு மிகுந்த உணவு பித்தச் சுரப்பைக் கூட்டும். நார்ச்சத்து அந்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்ற உதவும்.

குறைந்த எண் தந்த குழப்பம்

1974 இல் ஜெஃப்ரி ரோஸும் அன்செல் கீஸ் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை எல்லோரையும் திகைக்க வைத்தது. பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களுக்குக் கொலஸ்திரோல் கூடுதலாக இருந்திருக்கும் என்றுதான் எதிர்பார்த்தனர்; ஆனால் குறைவாக இருந்தது. கொலஸ்திரோலைக் குறைத்தால் புற்றுநோய் வருமா என்ற அச்சம் அதன்பின் பல ஆண்டுகள் நீடித்தது. பின்னர் வந்த நீண்டகால ஆய்வுகள் இதைப் பெரும்பாலும் தெளிவாக்கின: வெளியே தெரியாமல் வளரும் கட்டியே கொலஸ்திரோலைக் கீழே இழுத்துவிடுகிறது. எனவே மருந்தோ உணவுக் கட்டுப்பாடோ இல்லாமல் கொலஸ்திரோல் இறங்கி, உடலும் மெலிந்தால், 'நல்லது, கொழுப்புப் போய்விட்டது' என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. இந்த ஊர்களில் அந்த ஆறுதல் எளிதாகச் சொல்லப்படுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவின் பத்து நாடுகளில் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் பங்குகொண்ட எபிக் ஆய்வு, எச்.டி.எல். கூடுதலாக உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவு என்று 2011 இல் காட்டியது. நேர்குடலில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆம் ஆண்டுக் கணக்கில், ட்ரைகிளிசரைட் மிகுந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ 18 சதவீதமும், மொத்தக் கொலஸ்திரோல் மிகுந்தவர்களுக்கு 11 சதவீதமும் கூடுதல். தனி ஒருவரின் நோயை முன்கூட்டிச் சொல்ல இந்த அளவு போதாது.

கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பற்றியும் கேள்வி எழும். ஐந்து ஆண்டுகளேனும் அதை எடுத்தவர்களுக்கு இந்நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது என வட இஸ்ரேலில் நடந்த ஆய்வு 2005 இல் அறிவித்தது. ஆனால் மாத்திரையையும் போலி மாத்திரையையும் குலுக்கல் முறையில் கொடுத்து ஒப்பிட்ட சோதனைகள், ஸ்டேட்டின் புற்றுநோயைக் கூட்டியதாகவோ குறைத்ததாகவோ காட்டவில்லை. கிளினிக்கில் தரும் ஸ்டேட்டின் இதயத்துக்கானது. அதற்காகவே அதை விடாமல் எடுக்க வேண்டும்.

கிழக்கு விடுபட்ட கணக்கு

இலங்கையரின் குருதிக் கொழுப்பு நிலையைக் காட்டும் முக்கியமான கணக்கெடுப்பு 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடந்தது. எச்.டி.எல். குறைவே மிகப் பரவலான கோளாறு. ஏறத்தாழ பாதிப் பேரிடம் அது காணப்பட்டது. யுத்தச் சூழலால் வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. கடற்கோளில் அப்போதுதான் நொறுங்கிப்போயிருந்த கல்முனைக் கரையின் எண்கள் அந்தத் தேசியச் சராசரியில் இல்லை. இது பெருங்குறை. முஸ்லிம்கள் 43 சதவீதத்துக்கு மேல் வாழும் மாவட்டம் அம்பாறை.

இக்கரையின் உணவைத் தனியாக ஆராய வேண்டிய காரணமும் உண்டு. மது எச்.டி.எல். அளவை உயர்த்தும், அதே நேரம் குடல் புற்றுநோய் ஆபத்தையும் கூட்டும். மேலைநாட்டு ஆய்வுகளைக் குழப்பும் அந்தச் சிக்கல், மது விலக்கப்பட்ட ஊர்களில் பெரும்பாலும் எழாது. மறுபுறம், மூன்று வேளையும் வெள்ளையரிசியும் சீனி கூடிய தேநீரும் ட்ரைகிளிசரைட்டை ஏற்றுகின்றன. மாட்டிறைச்சி கல்யாணச் சகனில் மட்டுமின்றி வாராந்தச் சமையலிலும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் சிவப்பு இறைச்சியைப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடும் என்ற வகையிலும், சொசேஜஸ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உறுதியாக உண்டாக்கும் வகையிலும் வைத்தது. கொத்துக்கடைகளில் சொசேஜஸ் பெருகுவது கவலை தருவது. கீரையும் குரக்கனும் மீனும் தயிரும் இதே மண்ணின் நல்ல பக்கம். பாலுணவு குடல் புற்றுநோய் ஆபத்தைக் குறைப்பதற்கு ஓரளவு வலுவான சான்று உண்டு. புகைத்தல் எச்.டி.எல். அளவைத் தாழ்த்தும், நடை உயர்த்தும். காலையில் ஆண்கள் கடற்கரையில் நடக்கிறார்கள். பெண்களுக்கு அந்த இடத்தையும் நேரத்தையும் ஊர்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

மலத்தில் இரத்தம்

எந்தக் கொழுப்பு அறிக்கையும் குடல் புற்றுநோய்ப் பரிசோதனை ஆகாது. மலத்தோடு இரத்தம், மலம் போகும் வழக்கத்தில் வாரக்கணக்கில் நீடிக்கும் மாற்றம், காரணம் தெரியாத இரத்தச்சோகை, மெலிவு ஆகியவையே அறிகுறிகள். 'மூலவருத்தம்' என்று கைமருந்தோடு மாதங்களைக் கடத்துவதில்தான் உயிர்கள் போகின்றன. மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை உண்டு. அதில் இரத்தம் தெரிந்தால் கொலனொஸ்கோபி செய்வர். பொலிப் எனும் சிறு சதைவளர்ச்சி புற்றாக மாற ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எடுக்கும் என்பதால், அதற்குள் கண்டு அகற்றினால் நோயே வராமல் தடுக்கலாம். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஆதார வைத்தியசாலையும் உள்ளன. புற்றுநோய்ப் பிரிவுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர்.

வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகும். அத்தகையவர் 40 வயதிலோ, உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னரோ, எது முந்துகிறதோ அப்போது குடலைப் பரிசோதிக்கத் தொடங்க வேண்டும், கொழுப்பு அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும்.