மாம்பழம் பிடிச்ச கை

போன மாசம் காரைக்கால் போயிருந்தேன். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆச்சு. இப்போ நடக்கிறார், பேசுகிறார். இடது கை விரல்கள்தான் பாதி மடங்கியே கிடக்கு. முன்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் ஸ்ப்ளின்ட்.

"பயிற்சி செஞ்சீங்களா தாத்தா?"

"அதான் இதக் கட்டியிருக்கேனேடா. அது பாத்துக்கும்."

மாங்கனித் திருவிழாவுல மாடியிலிருந்து வீசுற பழத்தை ஒத்தைக் கையால பிடிச்ச மனுஷர்! மனசு கேக்கல. ராத்திரி உட்கார்ந்து தேடினதில் வேலூருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தார். அடுத்த வருஷம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைப் பார்க்கிறார். ஒருத்தர் கையைப் பிடிச்சா, பிடி இரும்பு மாதிரி இருக்கு! நோய் சில நரம்புகளைக் கெடுத்திருந்தாலும் முன்கைத் தசைகள் பலதும் நல்லாவே இருக்குன்னு புரிஞ்சுது. 1948-லிருந்து, வேலை செய்யும் தசைநாரை இடம் மாத்தித் தைத்து விரலை நிமிர்த்த ஆரம்பிச்சார்.

இறுகின விரலை அவர் முரட்டுத்தனமா இழுக்கல. கொஞ்சமா நிமிர்த்தி மாவுக்கட்டு, சில நாள் கழிச்சு இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் புதுக்கட்டு. ஆனா ஆபரேஷனோட கதை முடியல. நேத்து வரை ஒரு விரலை மடக்கின தசைக்கு இன்னைக்கு வேற வேலை. அதை மூளைக்குச் சொல்லித் தரணும். வாரக்கணக்கில் பிசியோதெரபி. எங்க பாஷையில சொன்னா, வயரை மாத்தினா போதாது, புரோகிராமையும் மாத்தி எழுதணும். 1951-ல் தொடங்கின நவஜீவ நிலையத்தில் அந்தக் கைகள் மரப்பொம்மை செஞ்சுது.

அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு போச்சு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செஞ்சார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்தது அவர் முயற்சியில்தான்.

தாத்தா கேஸ் வேற. இங்கே கோளாறு கையில் இல்ல, மூளையில். ஆனாலும் பாடம் ஒண்ணுதான்: மூளை திரும்பக் கத்துக்கணும். 2006-ல் அமெரிக்காவில் 222 பேரை வச்சு ஒரு ஆய்வு வந்தது. எல்லாருமே பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாசம் ஆனவங்க, கொஞ்சமாவது விரலை அசைக்க முடிஞ்சவங்க. ஒரு பிரிவினருக்கு நல்ல கைக்கு உறை மாட்டி, ரெண்டு வாரம் பலவீனமான கையாலேயே வேலை செய்ய வச்சாங்க. வழக்கமான கவனிப்பில் இருந்தவங்களை விட இவங்க கை நல்லா தேறுச்சு. அதுக்கடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவில் 63 பேருக்கு நடந்த ஆய்வில், நாலு வாரம் ராத்திரியில் கட்டின ஸ்ப்ளின்ட் மணிக்கட்டு இறுகுறதைத் தடுக்கல. அதுக்காகக் கழட்டி எறியச் சொல்லலை, எப்ப போடணும்னு பிசியோதெரபிஸ்ட் சொல்வார். அது மட்டும் போதும்னு நினைக்கிறதுதான் தப்பு.

காலையில் இதெல்லாம் சொன்னேன். தாத்தா கேட்டுட்டு, "அப்ப இந்த வலது கையைக் கட்டிப்போடப் போறியா?"ன்னார்.

"அதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும். நீங்க முதல்ல இதைப் பிடிங்க"ன்னு ஒரு மாம்பழத்தை இடது உள்ளங்கையில் வச்சேன். பிடிச்சுட்டார். திரும்ப விடத்தான் முடியல. விரலைப் பிரிக்க முழுசா ரெண்டு நிமிஷம் ஆச்சு.

"இன்னொரு தடவை வைடா"ன்னார்.