விசிறி சொல்லும் வேகத்தின் கதை

கணினி வரலாறு எண்டால் நாங்கள் வழமையாகப் படிப்பது வேகத்தின் கதைதான். வருசா வருசம் ப்ரொசெசர் வேகமாகிக்கொண்டே போகும் எண்ட கதை. அது எங்கே தடக்குப்பட்டது எண்டு அறிய, ப்ரொசெசருக்கு மேலே சுத்துற விசிறியைப் பார்த்தால் போதும்.

1981 இல் வந்த ஐபிஎம் பிசியில் ப்ரொசெசருக்கெண்டு தனி விசிறி இல்லை. மின் வழங்கிக்குள் இருந்த ஒரு விசிறியே முழுப் பெட்டிக்கும் போதுமாயிருந்தது. அதற்கு முதல் வருசம் ஸ்டீவ் ஜொப்ஸ், சத்தமே வரக்கூடாது எண்டு பிடிவாதமாக நின்று, அப்பிள் 3 ஐ விசிறியில்லாமல் செய்வித்தார். அது சூடேறுகிற கணினி எண்டு பேரெடுத்தது.

1993 இல் வந்த பென்டியம் ஏறத்தாழ 15 வாட் சூட்டை வெளிவிட்டது. உலோகத் தகடுகள் கொண்ட ஹீட் சிங்க்கும் அதன்மேல் குட்டி விசிறியும் வழமையாகின. உலோகம் சூட்டை இழுத்துப் பரப்பும், விசிறி அதைக் காற்றோடு தள்ளிவிடும். ஆனால் விசிறி காற்றைக் குளிராக்காது. அறையின் வெப்பநிலைக்குக் கீழே ப்ரொசெசரை அதால் கொண்டுபோக முடியாது. எங்கட ஊர் வெயிலில் லப்டொப் கூடுதலாக இரைவது இதனால்தான்.

விசிறியை வேகமாகச் சுத்தவிட்டால் என்ன? வேகம் இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கும், ஆனால் மின்சாரம் எட்டு மடங்கு வேணும். இரைச்சலும் தாங்க ஏலாது. அதனால் வடிவமைப்பாளர்கள் விசிறியைப் பெருப்பித்தார்கள். 60 மில்லிமீற்றர், 80, 92, பிறகு 120. பெரிய விசிறி மெதுவாகச் சுத்தியே அதே காற்றைத் தரும்.

அதுவும் ஒரு கட்டத்தில் போதவில்லை. 2004 இல் பென்டியம் 4 ப்ரொசெசர்கள் 100 வாட்டைத் தாண்டின. ட்ரான்சிஸ்டர் சிறுத்தால் அதற்கு வேண்டிய மின்சாரமும் குறையும் எண்ட பழைய கணக்குப் பிழைக்கத் தொடங்கியிருந்தது. அந்த வருசமே இன்டெல் தன் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த வருசம் ஒரே சிப்பில் இரண்டு கோர்கள் வந்தன. வேகத்துக்கு எல்லை போட்டது சூடுதான்.

2020 இல் அப்பிள் எம்1 சிப்போடு விசிறியில்லாத மக்புக் எயார் வந்தது. ஜொப்ஸ் கேட்ட அமைதி அதில் இருந்தது, அதுவும் சூட்டைக் குறைத்த சிப்பால். ஆனால் நாங்கள் போனில் தட்டுகிற தேடல்களுக்கும் வீடியோக்களுக்கும் எங்கேயோ ஒரு தரவு மையத்தில் விசிறிகள் இரைந்துகொண்டுதான் இருக்கின்றன. இரைச்சல் எங்கட மேசையை விட்டுத்தான் போயிருக்கு.