அமைதியும் ஒரு கட்டளை: ரெட்டினாயிக் அமில ஏற்பிகளின் ஆய்வு வரலாறு

வைட்டமின் ஏ நெடுங்காலம் கண்ணுக்குரிய சத்தாகவே பேசப்பட்டது. 1960-இல் டௌலிங்கும் ஜார்ஜ் வால்டும் எலிகளுக்கு அதன் அமில வடிவமான ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் கொடுத்தபோது, எலிகள் நன்றாக வளர்ந்தன. ஆனால் பார்வையை இழந்தன. வளர்ச்சிக்கு இந்தச் சத்து உதவும் வழி வேறு என்பது அப்போதே தெளிவாயிற்று. அந்த வழி மரபணுவில் போய் முடிகிறது என்று காட்ட மேலும் 27 ஆண்டுகள் பிடித்தன. 1987-இல் சால்க் ஆய்வகத்தில் ரொனால்டு எவன்ஸ் குழுவும், ஸ்ட்ராஸ்பூர்கில் பியேர் ஷாம்போன் குழுவும் தனித்தனியே ஒரே ஏற்பியைக் கண்டறிந்தன. எதற்குரியது என்று தெரியாத ஒரு புரதத்தின் டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதியை நீக்கி, முன்பே அறியப்பட்ட ஸ்டீராய்டு ஏற்பியின் பகுதியை அங்கே பொருத்தினர். எந்தப் பொருளைச் சேர்த்தால் சோதனை மரபணு விழிக்கிறது என்று பார்த்தனர். விழிக்கச் செய்தது ரெட்டினாயிக் அமிலம்.

நுட்பமான இந்தச் சோதனைக்குள் ஒரு சாய்வும் இருந்தது. அது விழிப்பை மட்டுமே அளந்தது. அமிலம் இல்லாதபோது ஏற்பி என்ன செய்கிறது என்பது அதன் கேள்வியாகவே இல்லை. இந்த ஏற்பி ஆர்.எக்ஸ்.ஆர். என்ற துணைப் புரதத்துடன் இணைந்து, அமிலம் வருவதற்கு முன்பே டி.என்.ஏ.வில் அமர்ந்திருக்கக்கூடியது. 1995-இல் அடையாளம் காணப்பட்ட துணை ஒடுக்கிப் புரதங்கள் அந்தக் காத்திருப்புக்குப் பொருள் தந்தன. ஏற்பி இவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. இவற்றோடு சேரும் நொதிகள், டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் குழுக்களை அகற்ற, மரபணு இறுக மூடப்படுகிறது. அமிலம் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது; ஒடுக்கிகள் விலக, ஊக்கிகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. ஆகவே மரபணுவின் அமைதி செயலின்மை அன்று, புரதம் இடும் கட்டளை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு வலுவான சான்று புற்றுநோயிலிருந்து வந்தது. 1988-இல் ஷாங்காய் மருத்துவர்கள், கடுமையான புரோமைலோசைட் ரத்தப் புற்றுநோய் கண்ட 24 பேருக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்ததில் 23 பேருக்கு அது ஒன்றே நோய்த் தணிவைத் தந்ததாக அறிவித்தனர். 15, 17-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இந்த ஏற்பி பி.எம்.எல். புரதத்துடன் ஒட்டிப்போகிறது என்பது பின்னர் தெரிந்தது. இக்கலப்புப் புரதம் ஒடுக்கிகளை விடாமல் பற்றுகிறது. உடலில் இயல்பாக உள்ள அமிலம் அதற்குப் போதாது, மருந்தளவே அந்தப் பிடியைத் தளர்த்தும்.

கலப்புப் புரதத்தின் நடத்தையை இயல்பான ஏற்பிக்கு ஏற்றிச் சொல்லலாமா என்று கேட்பது நியாயம். தவளைக் கருக்களில் 2001-இல் வெளியான ஆய்வு, தலை உருவாவதற்கே இயல்பான ஏற்பியின் ஒடுக்கம் தேவை என்று காட்டியது. இதைவிடக் கடினமான மறுப்பு எலிகளிடமிருந்து வருகிறது. இந்த ஏற்பியின் வகைகள் இரண்டிரண்டாக நீக்கப்பட்ட எலிக்கருக்களில், வைட்டமின் ஏ குறைபாட்டில் தோன்றும் கோளாறுகளே பெரிதும் தென்பட்டன. ஏற்பி இல்லையேல் ஒடுக்கமும் இல்லை; அமிலம் மட்டும் இல்லையேல் ஒடுக்கம் நீடிக்கும். ஒடுக்கமே முதன்மை என்றால் இவ்விரு நிலைகளின் கோளாறுகளும் ஒத்திருக்கக் கூடாது. பல உறுப்புகளில் தூண்டலே முந்துகிறது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் வாதம் இதனால் வீழ்வதில்லை. அதன் எல்லைதான் தெளிவாகிறது. ஒடுக்கம் எல்லா இடத்துக்கும் உரிய விதி அன்று. அமிலம் எட்டக் கூடாத தலைப்பகுதி போன்ற இடங்களுக்கு உரியது. சேர்த்த பொருளின் விளைவை மட்டும் அளந்திருந்தால், அந்த இடங்களில் ஏற்பி ஆற்றும் வேலை கண்ணில் பட்டிருக்காது.