வெட்டினும் தழைக்கும் மரம்

ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிடும் தொழிலை நாம் அறிவோம். இமயமலைச் சாரலில் அப்பணிக்கும் சாயத்துக்கும் ஆல்டர் மரத்தின் பட்டை உதவிற்று. நேபாளி மொழியினர் அம்மரத்தை உத்திஸ் என்பர். இலேசான அதன் பலகை டார்ஜிலிங்கில் தேயிலைப் பெட்டியாயிற்று. கிளைகள் சிக்கிமில் ஏலக்காய் உலர்த்தும் விறகாயின.

ஆயினும், அதன் அருமையை முழுதும் உணர்ந்தோர் நாகாலாந்தின் கோனோமா ஊரில் வாழும் அங்காமி மக்களே எனலாம். மலைச்சரிவில் பயிரிட நிலம் திருத்துங்கால் அவர்கள் மரத்தை வேரோடு வீழ்த்துவதில்லை. ஏறத்தாழ ஆளுயரத்திற்கு மேலுள்ளதை மட்டும் தறிக்கின்றனர். அது மீண்டும் தழைக்கிறது. கழித்த கிளை விறகாகிறது, தழை எருவாகிறது, வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு ஊட்டுகின்றன.

1879-80இல் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்றதற்காகவே வரலாற்று நூல்கள் இவ்வூரைப் பெரிதும் பேசுகின்றன. மரத்தைக் கொல்லாது பயன்கொண்ட இவ்வறிவையும் நாம் வரலாறென்றே போற்றுதல் வேண்டும்.